உயிர் அடங்கியவை

என் மகன் செத்துப்போன செய்தி பாளையங்கோட்டை முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் வீட்டுக்குத்தான் கடைசியாக வந்தது. துக்கம் விசாரிக்க, எங்கள் பேச்சில் துட்டி கேட்க, வந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அவன்தான். இதைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்து முடித்துப் பார்த்தால் உள்ளங்கை வேர்த்திருக்கிறது.

ஜெர்மன் சண்டைக்கு இரண்டொரு வருஷம் முந்தி நடந்தது இது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். என் வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். படிப்பினால் எனக்கு வந்த நன்மைகள் பல; தீமை ஒன்றே ஒன்று. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றன என்று ஒரு பாடப் புஸ்தகத்தில் வாசித்தேன். அன்றோடு நிம்மதி போயிற்று. ஊரில் பேதி வந்த வருஷங்களில் தண்ணீரைக் காய்ச்சி, ஆற வைத்து, ஆறும்போது ஏதாவது விழுந்திருக்குமோ என்று மறுபடியும் காய்ச்சிக் கொடுத்து வளர்த்த ஒரே பிள்ளை அவன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு அவனைவிடக் குண்டாக இருந்தார்கள்.

வளர்ந்து டிராயிங் வாத்தியார் ஆனான். அந்த நாளில் டிராயிங் வாத்தியார் என்றால் கரும்பலகையில் ஒரு செம்பும் ஒரு மாம்பழமும் போட்டுவிட்டு, பிள்ளைகளை அதே மாதிரி போடச் சொல்கிறவர். ஊரில் கணக்குச் சார்வாள், இங்கிலீஷ் சார்வாள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். இவனுக்கு மட்டும் 'மாம்பழச் சார்வாள்' என்று பேர். அவனுக்கு அதில் மனக்குறை உண்டு. வெளியே சொல்ல மாட்டான்.

இந்த மனக்குறை அவனுக்கு மட்டும் இல்லை. பாளையங்கோட்டையிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியிலுமாக விரல்விட்டு எண்ணக்கூடிய டிராயிங் வாத்தியார்கள் இருந்தார்கள். சாயங்காலம் ஆற்றங்கரை மண்டபத்தில் கூடிப் பேசுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் பிள்ளைகள் போட்ட படத்தைத்தான் பார்க்கிறார், பெற்றோர் வந்தாலும் அதைத்தான் பார்க்கிறார்கள், வாத்தியாருக்கு வரையத் தெரியுமா என்று இதுவரை ஒரு மனுஷர் கேட்டதில்லை என்று பேசிப் பேசி, கடைசியில் தாங்களே வரைந்த படங்களை ஊர் ஜனங்களுக்குக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து மண்டபம் கிடைத்தது. ஒரு வாரம் திறந்திருக்கும், யாரும் வரலாம் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள்.

என் மகன் தன்னையே வரைவது என்று தீர்மானித்தான். அப்பாவின் சவரக் கண்ணாடியைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அதைப் பார்த்துப் பார்த்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்தான். மூக்கு வந்தது, மீசை வந்தது, கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை. கண் மட்டும் வரவில்லை. போடுவான், திருடன் முழிக்கிற மாதிரி இருக்கும், அழிப்பான். மறுபடி போடுவான், கச்சேரியில் அப்பாவைத் திட்டுகிற தாசில்தார் மாதிரி இருக்கும். கடைசியில் அலுத்துப்போய் இமையைத் தாழ்த்தி, பாதி மூடின கண்ணாகப் போட்டு முடித்தான். உடனே படத்துக்கு ஒரு சாந்தம் வந்துவிட்டது.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் என்னவோ இடித்தது. என் பிள்ளைதான். என் பிள்ளை மாதிரி இல்லை. எங்கே தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பைய பாத்தா சரியாயிரும்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது.

இதே சமயத்தில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. ராதாபுரத்துக்குத் தெற்கே பனங்காட்டுக்குள் ஒரு ஊர். பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. கருப்பட்டி வியாபாரம் செய்கிற பெரியப்பாதான் வளர்த்தவர். அவருடைய வீட்டுக்காரி வந்து பையனைப் பார்த்துப் போனாள். நான் போய்ப் பெண்ணைப் பார்த்தேன். பதநீர்க் காலமானதால் பெரியப்பா மட்டும் எங்கள் பக்கம் வரவில்லை. அவரை நாங்களும் பார்க்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். சர்ச்சை நாங்கள் கோவில் என்றும், சபைக் குருவை ஐயர் என்றும்தான் சொல்லுவோம். ஐயர் ஆராதனை நடுவில் எழுந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு வாரம் பெண்ணின் ஊரிலும் எங்கள் ஊரிலும் அப்படித்தான் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது ஓலை ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அவனுக்கு ஜலதோஷம் வந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே ஜெபம்.

இரண்டாவது ஓலைக்கு மறுநாள் படங்களை மாட்டினார்கள்.

டிராயிங் பரீட்சைகளில் சித்திரங்களை வகை வகையாகப் பிரித்து இங்கிலீஷில் பேர் வைத்திருக்கிறார்கள். செம்பு, கத்திரிக்காய், கூஜா இவைகளை மேஜைமேல் வைத்து வரைந்தால் அதற்கு 'ஸ்டில் லைஃப்' என்று பேர். ஊர் ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று எல்லா வகைக்கும் தமிழில் பலகை எழுதத் தீர்மானித்தார்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதரிடம் போனார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் பிடிக்காது. 'ஸ்டில்' என்றால் என்ன என்று கேட்டார். அடங்கிக் கிடப்பது என்றார்கள். 'லைஃப்' என்றால்? உயிர். பண்டிதர் கொஞ்சம் யோசித்து, சந்தியெல்லாம் சரிபார்த்து, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: உயிர் அடங்கியவை.

கத்திரிக்காய்களுக்கு மேலே அந்தப் பலகை தொங்கியது. அதனால் கத்திரிக்காய்க்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் யானையால் வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த வயசான டிராயிங் வாத்தியார் ஒருவர் ஒரு யானையை நிஜ அளவுக்கே வரைந்து, துண்டு துண்டாகச் சுருட்டி மாட்டு வண்டியில் கொண்டுவந்திருந்தார். மனுஷர் படங்களுக்கென்று ஒதுக்கின சுவர் முழுவதும் யானைக்கே போதவில்லை. வால் மூலை திரும்பி அடுத்த சுவருக்குப் போயிற்று. மூத்தவரிடம் வாலை வெட்டச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே என் மகன் படத்தைக் கழற்றி, கூஜாவுக்கும் கத்திரிக்காய்க்கும் நடுவில் இருந்த ஆணியில் மாட்டினார்கள். கீழே இன்ன பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் என்று சீட்டு. மேலே அந்தப் பலகை.

முதல் நாள் நான் போயிருந்தேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. வாத்தியார்கள் வரைந்தவை என்று தமுக்கில் சொல்லியும், பாதிப் பேர் தங்கள் பிள்ளை போட்ட படத்தைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். காணவில்லை என்றதும் ஒருவருக்குக் கோபம். வருஷம் பூராவும் பையனை வரையச் சொல்லிவிட்டுக் கடைசியில் வாத்தியாரே வரைந்துகொண்டால் என்ன நியாயம் என்று கேட்டார். யானைக்கு யாரோ ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார்கள். குறுக்குத்துறைப் படித்துறையை ஒரு வாத்தியார் அழகாக வரைந்திருந்தார். தினமும் அந்தப் படியில் குளிக்கிற ஒரு பெரியவர், தன்னை ஏன் போடவில்லை என்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என் மகன் படத்துக்கு முன்னால் மட்டும் யாரும் சத்தம் போடவில்லை. மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பலகையை நானும் வாசித்தேன். கத்திரிக்காயைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் முகமெல்லாம் பூரித்து வீட்டுக்கு வந்தான். "அம்மா, என் படத்துக்கு மாலை போட்டிருக்காங்க. செவ்வந்தி மாலை. வேற ஒரு படத்துக்கும் போடல" என்றான். யானைக்குக்கூட இல்லையா என்று அப்பா கேட்டார். யானைக்குப் பழம் மட்டும்தான் என்றான். மற்ற வாத்தியார்கள் அதை முதல் பரிசு என்று எண்ணி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். அதற்கு அடுத்த நாள் படத்தின் கீழே ஊதுபத்தி எரிந்தது. நம் ஊர் ஜனங்களுக்குச் சித்திரம் புரியாது என்று யார் சொன்னது, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவன் சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை வந்து இன்னொரு சங்கதி சொன்னான். பெரிய தலைப்பாகையோடு ஒருவர், பார்த்தால் தெற்கத்தி வியாபாரி மாதிரி இருந்தாராம். பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாராம். சீட்டையும் வாசித்தாராம். படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், பக்கத்தில் நின்ற இவனிடம் மெதுவாகக் கேட்டாராம், எப்ப ஆச்சு என்று.

"போன மாசந்தான் அண்ணாச்சின்னேன். ரொம்ப இழுத்துட்டோன்னு கேட்டாரு. ஆமா, கண்ணுதான் பாடாப் படுத்திட்டு, கண்ண மூடின பெறகுதான் நிம்மதின்னேன். என் தோளத் தட்டிக் குடுத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டே போனாரும்மா. அவருக்குத்தான் உண்மையிலேயே விஷயம் தெரிஞ்சிருக்கு. கண்ணு போடுததுல உள்ள கஷ்டம் எல்லாருக்குமா தெரியும்?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் எனக்கு எப்போதும் ஏதாவது சரியில்லை என்று பட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதால் அதை நம்பவில்லை.

சனிக்கிழமை காலையில்தான் துட்டி கேட்க வந்தாள், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி. ரொம்ப வருஷமாக முக்கூடலில் இருக்கிறவள். திருநெல்வேலிக்கு வந்த இடத்தில் கேள்விப்பட்டு முக்காடு போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள். கதவைத் திறந்தவனைத் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு என்று தெரியாமலே நானும் அழுதேன். என் வயசில் அழுவதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கிறது. அவன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்து, "இது எளையவனா? நல்லவேள, கர்த்தர் ஒண்ணையாவது விட்டு வச்சாரே" என்றாள்.

விஷயம் விளங்க நேரமாயிற்று. விளங்கினதும் அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். செத்ததாகச் சொன்னதற்கு அல்ல. மாலை பரிசு இல்லை என்று ஆனதற்கு. அன்றைக்கே போய்ப் படத்தைக் கழற்றி, வேஷ்டியில் சுற்றிக் கொண்டுவந்து அலமாரிக்குப் பின்னால் வைத்தான். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. திங்கட்கிழமை பெண்ணின் ஊர் உபதேசியார், ஐயருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனிக்கிறவர், வண்டி பிடித்து வந்தார். வாசலிலேயே நின்று என் மகனைப் பார்த்து, பேய் பிசாசு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பிறகு உள்ளே வந்தார். முந்தின நாள் அவர்கள் ஊர் ஆராதனையில் ஐயர் மூன்றாவது ஓலையை வாசித்தாராம். தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஜெபத்துக்குப் புரட்டினாராம். போன வாரம் கருப்பட்டி விற்கத் திருநெல்வேலி வந்து திரும்பியிருந்த பெண்ணின் பெரியப்பா எழுந்து, "தடை உண்டு ஐயரே. மாப்பிள்ளை எறந்துட்டாரு" என்றாராம்.

ஓலையை ஐயர் நிறுத்திவிட்டார். அவர் சட்டதிட்டத்தில் ஒரு இம்மி பிசகாதவர். சபை நடுவில் சொன்ன தடையைச் சபை நடுவில்தான் தீர்க்க வேண்டும், தீராதவரை கல்யாணம் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வரட்டும், அந்தப் படமும் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெரியப்பாவுக்குக் கோபம் மலை அளவாம். பையன் செத்ததற்குக்கூட இல்லையாம். நிச்சயம் பண்ணின வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பித் துட்டி சொல்லவில்லை, போதாக்குறைக்குச் செத்தவனுக்கு ஓலையும் வாசிக்க விட்டிருக்கிறார்கள் என்பதற்காம். எங்கள் சீமையில் துட்டி சொல்லாமல் விடுவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று எனக்குத் தெரியும். அவர் நிலைமையில் இருந்தால் நானும் எழுந்து நின்றிருப்பேன்.

மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்பது வழக்கம். அவனைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று நான் தவித்தேன். போகாவிட்டால் உயிரோடு இருக்கிறான் என்று யார் நம்புவார்கள். போனால் வழக்கம் கெட்ட குடும்பம் என்று ஒரு பேர் வந்துவிடுமே. என் வீட்டுக்காரர் பைய யோசித்துச் சொன்னார்: "செத்தவனுக்கு என்ன வழக்கம் இருக்கு? அவன் எங்கன வேணும்னாலும் போகலாம்."

வண்டி கட்டிக்கொண்டு போனோம். படத்தை வெள்ளை விரிப்பில் சுற்றி நீளவாக்கில் படுக்க வைத்திருந்தோம். அது அசையாமல் இருக்க என் மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். என் முகமும் அப்போது பார்க்கும்படி இருந்திராது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று தலைப்பாகையை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் "படந்தான், படந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யார் படம் என்று ஒருவர் கேட்டார். இவன் படம் என்று மகனைக் காட்டினார். கேட்டவர் தலைப்பாகையை மறுபடி கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நாங்குநேரி தாண்டி, ஈரம் எல்லாம் வற்றி, செம்மண்ணும் பனையுமாக ஆனபோது எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு பேர் செத்தான் என்று நினைத்தால் அந்த நினைப்புக்கு ஒரு பலன் இல்லாமல் போகுமா? தண்ணீர்ப் பூச்சி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது போல இதுவும் இருந்தால்? படித்தவள் இப்படி யோசிக்கக் கூடாது என்று தெரியும். யோசித்தேன். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. காய்ச்சலோ என்று அடுத்த பயம் வந்தது.

கோவிலுக்குள் ஐயர் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா பெஞ்சில் முழங்கால்மேல் கை ஊன்றி இருந்தார். பெரிய தலைப்பாகை பக்கத்தில் இருந்தது. ஊரில் பாதி சன்னல்களில் இருந்தது. படத்தை ஒரு நாற்காலியில் சாத்தி வைத்து, பக்கத்தில் மகனை நிறுத்தினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆள் நிற்கிறான், இனி என்ன வழக்கு?

பெரியப்பா அவனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இவரு தம்பியில்லா? இவருதான் எங்கிட்ட சொன்னாரு, போன மாசம் ஆச்சு, இழுத்துட்டு, கண்ண மூடினாப்புலன்னு. அண்ணன் செத்தத சிரிச்சிக்கிட்டே சொன்னாரு ஐயரே. சரி, துக்கத்துல சித்தங் கலங்கிட்டுன்னு தோளத் தட்டிக் குடுத்தேன்."

அவனுக்குத் தம்பியும் இல்லை, அண்ணனும் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கண் என்றது படத்தின் கண், இழுத்தது என்றது வரைந்த வேலை என்று மகன் சொன்னான். ஐயர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பெரியப்பாவைப் பார்த்து, படத்தில் இருப்பவரும் இவரும் ஒருவர்தான் என்று ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார்.

பெரியப்பா நேர்மையானவர். அதுதான் வினையாயிற்று. படத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மறுபடி படம். மறுபடி மகன்.

"இது வேற ஆளு" என்றார். "படத்துல உள்ளவருக்கு மச்சம் வலது கன்னத்துல. இவருக்கு எடது கன்னத்துல. வகிடும் அப்படித்தான், மாத்தி இருக்கு. மூத்தவர் போயிட்டாருன்னு எளையவர நிறுத்துதிய. ஏன்யா, கேட்டா குடுக்க மாட்டோம்னா மறைக்கிய?"

படத்தில் எனக்கு இடித்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. என் பிள்ளையின் மச்சம் இடது கன்னத்தில். குழந்தையாக இருக்கும்போது எறும்பு என்று நினைத்து அதைத் தட்டிவிடப் போயிருக்கிறேன். படத்தில் அது வலது பக்கம் இருக்கிறது. அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம். ஒரு கணம், ஒரே கணம், நான் பெற்றது யாரை என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் ஒருவன் கண் தாழ்த்தி இருக்கிறான், பக்கத்தில் ஒருவன் வேர்த்து நிற்கிறான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடியைப் பார்த்து வரைந்தது, அதனால் பக்கம் மாறும் என்று மகன் விளக்கினான். பாடம் நடத்துகிற குரலில் விளக்கினான். பெரியப்பா, தினமும் கண்ணாடி பார்த்துத்தான் தலை சீவுகிறேன், எனக்கு ஒரு பக்கமும் மாறினதில்லை என்றார். முன்னால் வந்து பையனைப் பார்த்துப் போன அவர் வீட்டுக்காரியோ, இரண்டு பேரும் ஒன்றுபோல இருந்தால் தான் பார்த்தது எவனை என்று எப்படிச் சொல்ல என்று கையை விரித்தாள். ஐயர் தன் சவரக் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். அது உள்ளங்கை அகலம். அதில் மூக்கு தெரிந்தால் மச்சம் தெரியவில்லை, மச்சம் தெரிந்தால் அது யார் கன்னம் என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐயர் பேனாவை எடுத்தார். எதை எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது கிழக்குச் சன்னலுக்கு வெளியே சலசலப்பு. சட்டம் போட்ட ஒரு பெரிய கண்ணாடி, சீருக்கு வாங்கினது, தாள்கூடப் பிரிக்காதது, சன்னல் வழியாகக் குறுக்காக உள்ளே வந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு கை மட்டும் தெரிந்தது. "பெரியப்பா, இதுல பாருங்க" என்று ஒரு குரல் கேட்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினவள் அவள். குரலை அப்போதுதான் கேட்டேன்.

கண்ணாடியை வாங்கி, தாளைப் பிரித்து, பெஞ்சில் நிறுத்தினார்கள். மகனை அதன் முன்னால் நிறுத்தினார்கள். பெரியப்பா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இந்தா இருக்காரு. இவரேதான்" என்றார்.

"யாரு?" என்றார் ஐயர்.

"எறந்துபோனவரு."

என் வீட்டுக்காரர்தான் பைய எழுந்து, "அப்பம் கண்ணாடிக்கு வெளிய நிக்கவன் எவன் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பெரியப்பா உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். மகனிடம் மச்சத்தைத் தொடச் சொன்னார். தொட்டான். உள்ளே இருந்தவனும் தொட்டான். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு பேரும் நீட்டினார்கள். தான் சபை நடுவில் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கிறவர் அல்ல அவர்; அதே சமயம் பெண்ணைக் கண்கலங்க விடுகிறவரும் அல்ல.

"சரி வே" என்றார் கடைசியில். "செத்தது உள்ள இருக்கவரு. அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன். எங்க பிள்ளைக்கு வெளிய இருக்கவரு போதும்."

ஐயர் இதை எப்படி எழுதுவது என்று திணறிப்போய், தடை நீங்கிற்று என்று மட்டும் எழுதினார். சன்னலுக்கு வெளியே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகன் திரும்பவில்லை, வழக்கம் தெரிந்தவன். ஆனால் கண்ணாடி அவன் முன்னால்தான் இருந்தது, சன்னலைப் பார்த்து. அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

புறப்படும்போது பெரியப்பா ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். கோடி வேஷ்டி. சாவு வீட்டுக்குக் கொண்டுவர என்று திருநெல்வேலியிலேயே வாங்கி வைத்திருந்தாராம். அதை மகன் கையில் கொடுத்துவிடுவாரோ என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் நேரே நாற்காலிக்குப் போய்ப் படத்தின்மேல் அதைப் போர்த்தினார். "அவருக்கு வாங்கினது அவருக்கே போட்டும். நீங்கதான் துட்டி சொல்லல, நாங்க செய்ய வேண்டியதச் செஞ்சுட்டோம்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஆராதனையில் மூன்றாவது ஓலை மறுபடி வாசிக்கப்பட்டது. மகன் ஐயர் வீட்டில் இருந்தான். நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்தேன். தடை அறிந்தவர்கள் உண்டா என்று கேட்டுவிட்டு ஐயர் இந்தத் தடவை புரட்டாமல் நின்றார். சபை மொத்தமும் பெரியப்பாவைப் பார்த்தது. பெரியப்பா எழுந்தார். என் பக்கத்தில் இருந்தவள் கையை நான் பிடித்த பிடியில் அவள் முனகினாள்.

"தடை இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

கல்யாணம் நடந்தது. ஒரு வாரம் என்று சொன்ன படங்கள், கூட்டம் குறையாததால், நாங்கள் பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோதும் அந்த மண்டபத்திலேயே இருந்தன. புகார் வந்ததால் பண்டிதர் பலகையைத் திருத்தி 'உயிர் அடங்காதவை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். கத்திரிக்காய்க்கு முன்னால் ஜனங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள்.

அந்தப் படம் இப்போது மருமகள் அறையில் இருக்கிறது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தன் சீர்க் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மச்சம் சரியான பக்கத்தில் வந்துவிடுகிறது, நேரில் பார்க்காதீங்க அத்தை என்கிறாள். நான் எந்த வழியாகவும் பார்ப்பதில்லை.

சாயங்காலம் அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறபோது வாசலுக்குப் போய்விடுவேன். குடையை வாங்கி வைத்துவிட்டு இடது கன்னத்தைத் தொட்டுத் துடைப்பேன். மச்சம் அங்கேதான் இருக்கும். "என்னம்மா, தெனமும்?" என்பான்.

"சாக்குக்கட்டித் தூசி" என்பேன்.